சேப்பாக்கத்து மாளிகையும் அதன்கண் வதிந்தோரும்

சென்னைமா நகரின் கீழ்பால், வாலாஜா சாலை கடற்கரையை நோக்கிச் செல்லும் இடத்தில், செங்கல் நிறச் சுவர்களும் வெண்ணிறக் குமிழ்மாடங்களும் இடையில் உயர்ந்ததோர் கோபுரமும் கொண்ட பெரு மாளிகையொன்று நிற்பதை நம் சங்கத்தவர் பலர் கண்டிருப்பர். நிலத்தீர்வை, பட்டா, இனாம் முதலிய தாவாக்களில் மேன்முறையீடு செய்ய நேர்ந்த நம் குடும்பங்களின் மூத்தோர் சிலர், கையில் மனுவும் மடியில் வழிச்செலவுப் பணமுமாக அதன் படிகளில் ஏறியிறங்கியும் இருப்பர். அம்மாளிகையின் வரலாறு நவாபுகளுடையதும் துரைமாருடையதுமே, நமக்கு அதனால் ஆவதென்னை என்று கருதுவாரும் உளர். அங்ஙனமன்று என்பதே எம் கருத்து. அது கட்டப்பட்டதும், கைம்மாறியதும், கச்சேரியானதும் எல்லாம் உழுதவர் செலுத்திய வரியைச் சுற்றியே நிகழ்ந்தமையின், இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவாம். சேப்பாக்கம் என்பது ஆறு தோட்டம் எனப் பொருள்படும் ‘சே பாக்’ என்னும் இந்துஸ்தானிச் சொற்களின் திரிபு என்பர் சிலர். நவாபின் காலத்தில் அங்குத் தோட்டங்கள் இருந்தமை உண்மையே. ஆயினும் நுங்கம்பாக்கம், கீழ்ப்பாக்கம், வில்லிவாக்கம் என இந்நகரைச் சுற்றிப் பாக்கங்கள் மலிந்துகிடக்க, இஃதொன்றுமட்டும் வேற்றுமொழியிலிருந்து வரவேண்டிய காரணம் யாது? பட்டினமும் பாக்கமும் நெய்தல்நிலத்து ஊர்களுக்குரிய பெயர்களென்று நிகண்டுடையார் தொகுத்துவைத்தனர். கடலருகே கிடக்கும் ஊர் பாக்கமென வழங்குதல் தமிழியல்பே. ஊர் தமிழுடையது, தோட்டம் நவாபுடையது என்று கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகின்றது.

அந்நவாபு ஆவார் முகம்மது அலி வாலாஜா. 1749 முதல் 1795 வரை ஆற்காட்டு நவாபாக விளங்கியவர். பிரஞ்சுக்காரரையும் சந்தா சாகிபையும் எதிர்த்துத் தம் பதவியை நிலைநாட்டிக்கொள்ள ஆங்கிலக் கும்பினியாரின் படைத்துணையை நாடிய இவர், போர் முடிந்தபின்னும் அவர்தம் பீரங்கிகளின் நிழலை விட்டு அகலத் துணிந்திலர். ஆற்காட்டை நீத்துச் சென்னையில் வாழவேண்டுமென விரும்பினார். கோட்டைக்குள்ளேயே ஓர் அரண்மனை எடுக்க எண்ணி, அது கைகூடாதுபோகவே, கோட்டைக்குத் தெற்கே கூவத்தின் மறுகரையில் நிலம் பெற்று மாளிகை எழுப்பலானார். 1768-ஆம் ஆண்டளவில் அது முற்றுப்பெற்றது. வளாகத்தின் பரப்பு 117 ஏக்கர் என்பர். வடபால் அமைந்தது ஹுமாயூன் மகால். திவான்கானாவும் கொலுமண்டபமும் அதன்கண் இருந்தன. தென்பால் அமைந்தது கலச மகால். அது நவாபின் உறையுள். வளைவுகளும் குமிழ்மாடங்களும் மகமதியச் சிற்பமுறையைத் தழுவியன. பிற்காலத்தில் ‘இந்தோ-சாரசெனிக்’ என ஆங்கிலேயர் பெயரிட்டுக் கல்கத்தா முதல் பரோடா வரை பரப்பிய கலப்புமுறைக்கு இதுவே முன்னோடி என்று கட்டடக்கலை வல்லுநர் பலர் கூறுவர்.

இதனை அமைத்துக் கொடுத்தவர் பால் பென்பீல்டு என்னும் ஆங்கிலேயர் என்பது வழிவழி வந்த செய்தி. இப்பெயரை நம் நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். 1764-இல் கும்பினியாரின் கட்டடத் தொழிலுக்கென்று சென்னைக்கு வந்த இவர், சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் ஈட்டியதைக் காட்டிலும் வட்டியிலே ஈட்டியது பன்மடங்கு. நவாபு போருக்காகவும், ஆடம்பரத்துக்காகவும், கும்பினியாருக்குச் செலுத்தவேண்டிய படைச்செலவுக்காகவும் ஓயாது கடன் வாங்கினார். கொடுத்தவரோ கும்பினியின் சொந்த உத்தியோகஸ்தர்களே. நூற்றுக்கு முப்பதுக்கு மேலும் வட்டி ஏறியதுண்டு. கடனுக்கு ஈடு யாது? பொன்னன்று, மணியன்று, நெல் விளையும் சீமைகளின் தண்டல் உரிமை. இன்ன சீமையின் இவ்வாண்டு வரி இன்ன துரைக்கு என்று நவாபு எழுதிக்கொடுத்துவிடுவார். அதன்பின் அச்சீமைக்குடியானவன் விதைக்குமுன்பே அவன் களத்து நெல்லுக்கு உடையவன் ஒருவன் சென்னையில் உட்கார்ந்திருப்பான். மழை பொய்த்தாலும் துரையின் வட்டி பொய்க்காது.

இக்கொள்ளை எத்துணை தூரம் சென்றதென்பதற்கு ஒரு சான்று போதும். 1773-இல் நவாபு கும்பினிப் படையைக்கொண்டு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776-இல் லண்டன் டைரக்டர்களின் ஆணைப்படி கவர்னர் பிகட் பிரபு தஞ்சையை மீண்டும் மராட்டிய மன்னர் துளஜாவிடம் ஒப்புவித்தார். உடனே பென்பீல்டு எழுந்து, தஞ்சைச் சீமையின் விளைச்சல்மீது தமக்கு 2,30,000 பவுன் வரையில் பாத்தியம் உண்டெனக் கோரினார். சில நூறு பவுன் சம்பளம் பெறும் ஒருவருக்கு இத்தொகை எங்ஙனம் வந்தது என்று பிகட் பிரபு ஐயுற்று மறுத்தனர். ஆலோசனைச் சபையார் பெரும்பான்மையோர் கடன் கொடுத்தவர் பக்கமே நின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் கவர்னரையே சிறைப்படுத்தினர். அவர் 1777 மே மாதத்தில் காவலிலேயே உயிர் நீத்தார். காவிரி நீர் பாயும் வயல்களின் நெல்லுக்காக ஆங்கிலக் கவர்னர் ஒருவர் ஆங்கிலேயர் கையிலேயே சிறைப்பட்டு மடிந்த விந்தை இது. 1785-இல் எட்மண்டு பர்க் என்னும் நாவலர் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் நவாபின் கடன்களைப் பற்றி நிகழ்த்திய பெரும் பேச்சில் பென்பீல்டைக் கடுமையாகச் சாடினார். கடைசியில் அப்பென்பீல்டும் பொருளெல்லாம் இழந்து 1810-இல் பாரிஸ் நகரில் வறியராய் இறந்தார்.

நவாபின் கடன்களை ஆராய அமைக்கப்பட்ட கமிஷனர்கள் 1805 முதல் 1830 வரை கணக்குப் பார்த்தனர். அவர்கள்முன் வைக்கப்பட்ட கோரிக்கைகள் 3 கோடி பவுனுக்கு மேல். அவற்றுள் மெய்யெனத் தேறியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவை பொய்ப்பத்திரம், இரட்டைப்பத்திரம், வட்டிக்கு வட்டி.

ஈண்டு ஒன்று கூறாது விடுவது நேர்மையாகாது. இத்துரைமார்க்குத் தமிழ் தெரியாது. நாட்டு வழக்கும் தெரியாது. அவர்க்குக் கண்ணும் நாவுமாக நின்றவர் துபாஷிகள். அவருள் தமிழரும் தெலுங்கரும் பல குலத்தவரும் இருந்தனர். அவர்கள் ஈட்டிய பொருளில் ஒரு பகுதி கோயில் மண்டபங்களாகவும் சத்திரங்களாகவும் ஆயிற்று. அதுபற்றி இத்தகைய சங்கப் பத்திரிகைகளில் புகழுரைகள் நிரம்ப வெளிவந்துள்ளன. அப்புகழை யாம் மறுத்திலேம். ஆயினும் சத்திரத்துச் சோற்றை எழுதுபவர், அச்சோறு எவன் களத்திலிருந்து எவ்வட்டிக்குப் பிடித்து வந்ததென்பதையும் உடன் எழுதினாலன்றி அது வரலாறு ஆகாது. நம் குலத்து முன்னோர் கொடுத்தோர் பக்கமும் இருந்திருப்பர். கொடுக்கமாட்டாது ஊரைவிட்டு ஓடியோர் பக்கமும் இருந்திருப்பர். பின்னவர் தொகையே மிகுதியென்பது ஓர்ந்தார்க்குப் புலனாம்.

கடன் வளர வளர நவாபின் அதிகாரம் தேய்ந்தது. 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தென்பாளையங்களின் கிஸ்தியைத் தண்டும் பொறுப்புக் கும்பினியார் கைக்கு வந்தது. அதன் விளைவைத் திருநெல்வேலிச் சீமையார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேறியதும், 1801-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலேறியதும் அவர்கள் அறிந்தனவே. அதே 1801-ஆம் ஆண்டு ஜூலையில் சேப்பாக்கத்து மாளிகையிலும் ஒரு நாடகம் நடந்தது. வாலாஜாவின் மைந்தர் உம்தத்துல் உமரா நோயுற்று மரணப்படுக்கையில் கிடக்கும்போதே கும்பினிப் படை அரண்மனை வாயில்களில் வந்து நின்றது. அவர் இறந்ததும், நாட்டை ஒப்புவிக்கும் உடன்படிக்கையை அவர்தம் மகன்முன் நீட்டினர். அவ்விளைஞர் மறுத்தார். உறவினராகிய அசீமுத்தௌலா கையொப்பமிட்டு நவாபானார். நாடு கும்பினிக்கு, வருவாயில் ஐந்திலொரு பங்கும் பட்டமும் மாளிகையும் நவாபுக்கு. அன்று முதல் 54 ஆண்டுகள் அம்மாளிகையில் கொலு இருந்தது, அதிகாரம் இல்லை.

கடைசி நவாபு குலாம் முகம்மது கௌஸ் கான் 1855 அக்டோபரில் மகப்பேறின்றி இறந்தார். டல்ஹௌசிப் பிரபு நவாபுப் பட்டமே ஒழிந்ததென அறிவித்தார். இவ்வாண்டை நாம் வேறொரு காரணத்தாலும் நினைவுகொள்ள வேண்டும். அவ்வாண்டு தொடக்கப்பகுதியிலேதான் சென்னை ராஜதானியில் வரி தண்டுங்கால் நிகழ்ந்த சித்திரவதைகளை ஆராய்ந்த கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. நெடுந்தொலை நடந்துவந்து அக்கமிஷன்முன் முறையிட்ட குடிகள் பலர். விரல்களை மூங்கிற்பிளவுகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணிக்கும் ‘அண்ணாந்தாள்’ ஆகிய இவ்விரண்டு தமிழ்ச் சொற்களும் அவ்வறிக்கையின் வாயிலாக இங்கிலாந்துப் பார்லிமெண்டுவரை சென்றன. தமிழ்மொழி கடல்கடந்த வழிகளுள் இதனினும் இழிந்தது பிறிதில்லை. (எம் தொழிலைச் சார்ந்த பழைய திண்ணைப்பள்ளிக் கணக்காயரும் பிள்ளைகளிடத்து அண்ணாந்தாளைக் கையாண்டவரே என்பதையும் மறைப்பதற்கில்லை.) கட்டியவன் கை யாருடையது? வெள்ளைத் துரையினுடையதன்று. சேவகனும் தாசில் சிப்பந்தியும் ஊர் அதிகாரியுமே அது செய்தனர். அவரும் ஏதோ ஒரு குலத்தவர், ஏதோ ஒரு சங்கத்தார்க்கு முன்னோர். 1859-இல் போலீஸ் வேறு, வரிதண்டல் வேறெனப் பிரித்துச் சட்டமியற்றியதற்கு இவ்வறிக்கையும் ஒரு தூண்டுகோலாயிற்று.

நவாபு மறைந்தபின் அவர்தம் கடன்களுக்காக மாளிகை ஏலத்திற்கு வந்தது. 1859-இல் துரைத்தனத்தாரே அதனை வாங்கினர். கடனால் தொடங்கியது கடனாலேயே கைவிட்டுப்போயிற்று. நவாபின் சிறிய தந்தையார் அசீம் ஜா தம் உரிமைக்காகப் பல்லாண்டு வழக்காடி, இறுதியில் 1867-இல் ‘ஆற்காட்டு இளவரசர்’ என்னும் பட்டத்தையும் உபகாரச் சம்பளத்தையும் பெற்றார். அக்குடும்பத்தார் திருவல்லிக்கேணியில் ஷாதி மகாலில் சிலகாலம் இருந்து, 1876-இல் இராயப்பேட்டை அமீர் மகாலில் குடியேறினர். அமீர் மகாலோ அதற்குமுன் அரசாங்கக் கச்சேரியாக இருந்த கட்டடம். அரண்மனை கச்சேரியாயிற்று, கச்சேரி அரண்மனையாயிற்று. இவ்விரு மாற்றங்களிலும் கைவைத்த சிற்பி ஒருவரே. ராபர்ட் சிஷோல்ம் அவர் பெயர். சேப்பாக்கத்தில் ஹுமாயூன் மகாலுக்கும் கலச மகாலுக்கும் இடையே கோபுரம் எழுப்பி அவ்விரண்டையும் ஒன்றுபோல் இணைத்தவர் அவரே. அருகிலுள்ள மாகாணக் கல்லூரியும் பல்கலைக்கழகச் செனட் மண்டபமும் அவர் அமைத்தனவே. நவாபின் மாளிகையை நன்கு நோக்கிப் பயின்றவர் அவர் என்பது செனட் மண்டபத்தின் குமிழ்களைக் கண்டால் விளங்கும். அமீர் மகாலில் ஆற்காட்டுக் குடும்பத்தார் இன்றும் வாழ்கின்றனர்.

புதிய குடிகள் பலர் வந்தனர். 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பார் எட்டு மாணாக்கருடன் தொடங்கிய நிலவளவைப் பள்ளி, பொறியியற் கல்லூரியாக வளர்ந்து 1862-இல் கலச மகாலுக்கு வந்தது. 1920-இல் கிண்டிக்குப் பெயரும்வரை அங்கேயே இருந்தது. நவாபின் அந்தப்புரத்துக்கு அண்மையில் சங்கிலி பிடித்து நிலமளக்கப் பிள்ளைகள் பயின்றனர் என்று எண்ணும்போது நகை தோன்றாமற் போகாது. தோட்டத்தில் ஒரு பகுதி 1865-இல் ஆங்கிலேயரின் கிரிக்கெட்டுச் சங்கத்துக்குச் சென்றது. இன்று நம் இளைஞர் சேப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டால் மட்டையையும் பந்தையுமே நினைக்கின்றனர். மாளிகையை நினைப்பார் அரியர்.

ஆயினும் இம்மாளிகையின் பெருங்குடி ரெவினியூ போர்டு எனப்பட்ட வருவாய் வாரியமே. 1786-இல் ஏற்பட்ட அவ்வாரியம் ராஜதானியின் நிலத்தீர்வை, உப்பு, சாராயம், காடு, நீர்ப்பாசனம் ஆகிய பலவற்றுக்கும் பலகாலம் தலைமை வகித்தது. கலெக்டர் தீர்ப்பில் மனநிறைவு கொள்ளாத குடியானவன் இறுதியாக முறையிடும் வாயில் அது. நவாபு எந்த வரியை அடகுவைத்து இம்மாளிகையில் வாழ்ந்தனரோ, அவ்வரியைத் தண்டும் தலைமைக் கச்சேரியே அவருடைய மாளிகையில் வந்து அமர்ந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தோர்க்குக் கொடுத்த கூலி, 1877 தொடக்கத்தில், ஆடவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து இம்மாளிகைப் பக்கமாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி அப்பஞ்சகாலத்தில் பட்டினியாளர் கைகளால் வெட்டப்பட்டது. அக்காலத்துக் கவர்னர் பெயர் கால்வாய்க்கு நின்றது. வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை.

எங்கும் இல்லை என்றோமாயினும், அவர் முன்னோரைப் பற்றிய குறிப்புகள் வேறோரிடத்தில் உள. சேப்பாக்கத்து மாளிகை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1763-இல் நவாபு கும்பினியார்க்கு ஜாகீராக அளித்த செங்கற்பட்டுச் சீமையைத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்து கணக்கெடுத்தார். ஊர்தோறும் நிலம் எத்துணை, ஏரி எத்துணை, எக்குலத்தார்க்கு எத்தனை வீடு, யார்க்கு எவ்வளவு மானியம் என்பன அதன்கண் உள. ஊர்க்கணக்கர் எழுதிய ஓலைகளே அதற்கு மூலம். பின்னர் 1858 முதல் நிகழ்ந்த அளவைப் பதிவேடுகளும் இனாம் கமிஷன் பதிவேடுகளும் ஊரூராக உள்ளன. வாரியத்தின் பழைய நடவடிக்கைகள் 1909-இல் எழும்பூரில் கட்டப்பெற்ற ஆவணக் களரியில் காக்கப்படுகின்றன. நம் குலவரலாறு எழுதப் புகுவோர் மூவேந்தர் வழியினம் என்று தொடங்கி, புராணத்தின் துணையோடு முடிப்பதே வழக்கமாய்விட்டது. வேண்டுமாயின் அதுவும் எழுதுக. ஆனால் எழும்பூருக்கு ஒருமுறை சென்று, தம் ஊர்ப் பெயரைச் சொல்லி அப்பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தவர் நம்மில் எத்துணைப்பேர்? பாட்டனாரின் பாட்டனார் எவ்வயலை உழுதார், எத்துணை தீர்வை கட்டினார் என்று அதில் கிடைக்கும் ஒருவரி, பட்டயமின்றிக் கூறும் பரம்பரைப் பெருமை நூற்றினும் எமக்கு மதிப்புடையது. இல்லங்களில் பரண்மேல் கிடக்கும் பழைய பட்டா, தண்டல் ரசீது, பாகசாசனம் ஆகியவற்றைப் போகிக்குப் போகி நெருப்பில் இடுவாரை அருள்கூர்ந்து தடுக்க வேண்டுகின்றோம்.

1980-ஆம் ஆண்டில் இரு பழமைகள் ஒருங்கே முடிந்தன. பரம்பரையாக வந்த கர்ணம், மணியம் ஆகிய ஊர் உத்தியோகங்களைத் தமிழ்நாட்டரசு ஒழித்தது. ஏறக்குறைய 194 ஆண்டு நின்ற வருவாய் வாரியத்தையும் அவ்வாண்டிலேயே கலைத்து, அதன் வேலையை ஆணையர்களிடம் பகிர்ந்தளித்தது. முன்னதால் நம் குடும்பங்கள் சிலவற்றில் மனக்குறை உண்டானது மெய். கணக்குப்பிள்ளையின் மகன் கணக்குப்பிள்ளையே என்னும் நியதி நீங்கியதால், அதுவரை அக்கதவுக்கு வெளியே நின்ற பலர் குலப்பிள்ளைகள் உள்ளே வந்தனர் என்பதும் மெய். வருவாய், நில நிர்வாகம் ஆகியவற்றின் ஆணையர்கள் மாளிகை வளாகத்தை யடுத்த எழிலகத்தில் இருக்கின்றனர். பட்டா மேன்முறையீட்டுக்குச் செல்வோர் இன்று தேடிச்செல்வது அதனையே.

பழைய மாளிகையில் வெவ்வேறு துறைகள் மாறிமாறி வதிந்தன. அறைகளைப் பலகையால் தடுத்தனர். கூடங்களில் கட்டுக்கட்டாகத் தஸ்தாவேஜுகளை அடுக்கினர். மின்கம்பிகளை மனம்போல் இழுத்தனர். 2012 ஜனவரி 16-ஆம் நாள் விடியுமுன், பொங்கல் விடுமுறையில், ஹுமாயூன் மகால் தீப்பற்றியது. தொழில் வணிகத் துறையும் சமூக நலத் துறையும் அப்போது அதன்கண் இருந்தன. மரத்துலாங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை, துலாம் எரிந்ததும் தாங்குவாரின்றி இடிந்து வீழ்ந்தது. தீயணைக்கப் புகுந்த வீரர் ஒருவர் உயிரிழந்தார், சிலர் கடுங்காயமுற்றனர். இவ்வரலாற்றில் கவர்னர் முதலாகப் பலரை எடுத்துரைத்தோம். அம்மாளிகையைக் காக்கவென்றே உட்புகுந்து மாண்டவர் இவர் ஒருவரே.

எரிந்த பகுதியை இடித்துவிடலாம் என்னும் பேச்சு எழாமலில்லை. நற்காலமாக அது நிகழவில்லை. பொதுப்பணித் துறையார் பல ஆண்டு முயன்று, சிமெண்டை விலக்கிச் சுண்ணாம்புச் சாந்தும் மரமும் கொண்டு பழைய முறைப்படியே ஹுமாயூன் மகாலைப் புதுப்பித்தனர். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பரைக்கும் கைப்பக்குவம் அறிந்த வேலையாட்களைத் தேடிப்பிடித்தல் எளிதாயிருந்திராது. அத்தொழில் அறிந்தோர் நம் ஊர்களில் இன்னும் எஞ்சியிருப்பின், அவர்தம் பிள்ளைகள் அதைக் கைவிடாதிருக்கச் சங்கத்தார் ஆவன செய்தல் நலம்.

கலச மகால் செப்பனிடப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாயிற்று. ஏரியை அடைத்து மனை போட்டது, ஆற்றுமணலை வரம்பின்றி அள்ளியது, தோல்சாயக் கழிவை ஓடையில் விட்டது ஆகியன போன்ற வழக்குகள் அங்குக் கேட்கப்படுகின்றன. நவாபு உறங்கிய கூடத்தில், அவர் அடகு வைத்த அதே ஏரிகளின் பெயர்களைக் குமாஸ்தா உரக்கப் படிக்கின்றார். வழக்குடையார் எழுந்து நிற்கின்றனர்.